நர்ஸ் வேலையில் காசு இருக்கிறதா? தண்டையார்பேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் செருப்புகள் சேர ஆரம்பிக்கும். காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா, கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு மகளும் அப்பாவும், வியாசர்பாடியிலிருந்து தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வருவார்கள். “சிஸ்டர் வீடு இதுதானே?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஊர்க்கதை பேசி, கடைசியில் குரலைத் தாழ்த்தி அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: “சம்பளம் எவ்வளவு வரும்?”

நான் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தது 2003-ல். முதலில் ஒரு சின்ன நர்சிங் ஹோம், பிறகு சவுதியில் ஐந்து வருடம், இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவுக்கு இன்சார்ஜ். ஒவ்வொரு வருடமும் அதே பதில்களைச் சொல்லித் தொண்டை வறள்வதால் எழுதிவைக்கிறேன்.

காசுக்காக நர்ஸ் ஆவது தப்பா அக்கா?

தப்பே இல்லை. வங்கியில் வேலைக்குச் சேருகிற பெண்ணிடம் “நீ பணத்தின் மேல் பாசம் வைத்துத்தான் வந்தாயா?” என்று யாரும் கேட்பதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரிடம் “கப்பல்களுக்குச் சேவை செய்ய வந்தீர்களா?” என்று கேட்பதில்லை. நர்ஸிடம் மட்டும் கேட்கிறார்கள்.

என் முதல் வேலைக்கான நேர்காணலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “இது சேவையம்மா. முதல் நாளே பணத்தைப் பற்றியா பேசுவது?” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு சேர்ந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு நோயாளியின் டிஸ்சார்ஜ் பில்லை எடுத்துக்கொடுக்கும்போதுதான் கவனித்தேன்: ‘நர்சிங் சார்ஜ்’ என்று நாள் கணக்கில் ஒரு வரி இருந்தது. அதாவது நோயாளியிடம் என் உழைப்புக்கு விலை இருக்கிறது, அதை வசூலித்தும் விடுகிறார்கள். என்னிடம் வரும்போது மட்டும் அது சேவையாகிவிடுகிறது. அன்றிலிருந்து வேலைக்கு எடுக்கும் ஒருவர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

சேவை மனம் என்று ஒன்று இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, பார்த்திருக்கிறேன். ஆனால் அதைக் கனவாகக் கண்டு வந்து, மூன்றாவது மாதம் பெட்பேன் எடுக்கச் சொன்னதும் ஓடிப்போன பெண்களையும் பார்த்திருக்கிறேன். தம்பியின் ஃபீஸுக்காகத்தான் வந்தேன் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒரு பெண், என் யூனிட்டில் இருப்பவர்களிலேயே மருந்தளவை இரண்டு முறை சரிபார்க்கிறவள். கணக்கில் கறாரானவள் எல்லாக் கணக்கிலும் கறாராக இருக்கிறாள்.

சரி, படித்து முடித்ததும் கையில் எவ்வளவு வரும்?

தனியாரில் என்றால், நம் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு 12,000 முதல் 15,000 வரை கொடுப்பதை நான் பார்க்கிறேன். பெரிய மருத்துவமனைகளில் சில ஆயிரம் கூடும். பி.எஸ்ஸி. படித்தவருக்கும் ஜி.என்.எம். படித்தவருக்கும் ஆரம்பத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

சொல்கிற சம்பளம் வேறு, வருகிற சம்பளம் வேறு. 15,000 என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் பி.எஃப். பிடித்தால் 12 சதவீதம், அதாவது 1,800 போகும். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். கையில் 13,087. ஹாஸ்டலில் தங்கினால் அதற்கும் பிடிப்பார்கள். ஆனாலும் பி.எஃப். பிடிக்காத இடத்தைவிடப் பிடிக்கிற இடமே நல்லது. ‘முழுச் சம்பளமும் கையில்’ என்று ஆசை காட்டும் நர்சிங் ஹோமில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு, அனுபவச் சான்றிதழ் கேட்டால் லெட்டர்பேடில் நான்கு வரி எழுதிக்கொடுப்பார்கள். அந்த நான்கு வரியை வெளியில் யாரும் மதிப்பதில்லை. பி.எஃப். பதிவு என்பது நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்கான சாட்சி. வெளிநாட்டுக்குப் போகும்போது அதன் அருமை தெரியும்.

அரசு வேலை கிடைத்தால்?

எந்த அரசு என்பதைப் பொறுத்தது.

மத்திய அரசு என்றால் கதையே வேறு. எய்ம்ஸ், ஜிப்மர், ரயில்வே, இ.எஸ்.ஐ. கழகம் போன்றவற்றில் நர்ஸ் பணி ஏழாவது சம்பளக் கமிஷனின் 7-ஆம் நிலையில் தொடங்குகிறது. அடிப்படைச் சம்பளம் 44,900. அகவிலைப்படியைக் குறைத்து 50 சதவீதம் என்றே வைத்தாலும் 22,450. சென்னைக்கான வீட்டு வாடகைப்படி 30 சதவீதம், 13,470. இதோடு நர்ஸ்களுக்கென்றே தனியாக ஒரு படி உண்டு. அது 7,200 ஆக இருந்தது, 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் 9,000 ஆனது. கூட்டிப் பாருங்கள், பிடித்தம் போவதற்கு முன் 90,000-ஐ ஒட்டி வரும். அதே ஊசி, அதே சலைன், அதே பன்னிரண்டு மணி நேர இரவு. சம்பளம் ஆறு மடங்கு.

இதற்கு டெல்லிக்குப் போக வேண்டும் என்பதில்லை. பெரம்பூரில் ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. நாட்டிலேயே முதல் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை 1975-ல் நடந்த இடம் அது. நம் பிள்ளைகள் அதன் சுவரை ஒட்டித்தான் டியூஷனுக்குப் போகிறார்கள், உள்ளே நர்ஸுக்கு என்ன சம்பளம் என்று யாரும் சொல்வதில்லை. ரயில்வேயில் அந்தப் பதவிக்கு ‘நர்சிங் சூப்பிரண்டென்ட்’ என்று பெயர், பெயரைப் பார்த்து மிரண்டு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள், அதுதான் ஆரம்பப் பதவி. ஆளெடுப்பு ரயில்வே தேர்வு வாரியம் மூலம் நடக்கும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு ‘நார்செட்’ என்று ஒரு பொதுத் தேர்வு. பி.எஸ்ஸி. படித்தவர் நேராக எழுதலாம். ஜி.என்.எம். படித்தவருக்கு ஐம்பது படுக்கைகளாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். நான் பி.எஃப். பற்றி ஏன் அவ்வளவு பேசினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

மாநில அரசு என்றால் எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். இங்கேதான் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். ‘கவர்மென்ட் நர்ஸ்’ என்றால் நிரந்தரம், பென்ஷன் என்று கற்பனை செய்துவிடுகிறார்கள். 2015-ல் போட்டித் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்று வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களுக்கு படிகள் இல்லாமல் ஒரே தொகையாக மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து போராடினார்களே, நினைவிருக்கிறதா? கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. அதன் பிறகு 14,000 ஆனது, பின்னர் 18,000 ஆனது. ஒரு பகுதியினர் நிரந்தரமாகி முழுச் சம்பளத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் வருடக் கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் விளம்பரம் வரும்போது ‘காலமுறை ஊதியமா, தொகுப்பூதியமா’ என்ற ஒரு வரியை முதலில் தேடிப் படியுங்கள். காலமுறை என்றால் படிகளோடு ஏறிக்கொண்டே போகும் சம்பளம். மற்றதெல்லாம் அப்புறம்.

சுப்ரீம் கோர்ட்டே நர்ஸுக்கு 20,000 கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டதாமே?

பாதி உண்மை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு பரிந்துரைத்தது இது: 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, அந்த மாநில அரசு நர்ஸுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். 100 படுக்கைக்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஐம்பதுக்கும் கீழே உள்ள சின்ன இடங்களில்கூட 20,000-க்குக் குறையக் கூடாது.

பரிந்துரை நல்ல பரிந்துரைதான். அதைச் சட்டமாக்க வேண்டியது மாநிலங்கள். கேரளத்தில் நர்ஸ்கள் சங்கமாகத் தெருவுக்கு வந்து, 2018-ல் 20,000 என்ற குறைந்தபட்சத்தை அரசாணையாக வாங்கினார்கள். நம் ஊரில் நான் அந்தப் பரிந்துரையைக் காட்டிச் சம்பள உயர்வு கேட்டேன். ஹெச்.ஆர். பெண் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, “மேலிடத்துக்கு அனுப்புகிறேன் சிஸ்டர்” என்றாள். மேலிடம் எந்த மாடியில் இருக்கிறது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எந்தப் படிப்பு? ஒரு வருட நர்சிங் கோர்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது, ஃபீஸும் குறைவு.

அந்த ஒரு வருடக் கோர்ஸை விட்டுவிடுங்கள். செல்போன் கடைக்கு மேலே, ஷட்டர் போட்ட அறையில், வெள்ளை கோட்டு மாட்டிய பிள்ளைகள் படத்தோடு போர்டு வைத்திருப்பார்கள். அங்கே கொடுக்கும் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது. பதிவு எண் இல்லாதவர் நர்ஸ் இல்லை. எத்தனை வருடம் ஊசி போட்டாலும் ‘உதவியாளர்’ தான், சம்பளமும் அப்படியே நிற்கும்.

பதியக்கூடிய படிப்புகள்: ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருடம். ஜி.என்.எம். முடித்தவர் மேலும் இரண்டு வருடம் படித்து போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. வாங்கலாம். வசதியும் மார்க்கும் இருந்தால் நேராக பி.எஸ்ஸி. போங்கள். தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கு பிளஸ் டூ மார்க் அடிப்படையில் கலந்தாய்வு, கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு நடத்துகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியின் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022-ல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். ஆயிரம் ரூபாயா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள், யூனிஃபார்ம், ஷூ, ரெக்கார்டு நோட்டு எல்லாம் அதில் அடங்கும்.

கடன் வாங்கிப் படிக்கலாமா?

கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். பிணை இல்லாமலும் கல்விக் கடன் உண்டு. நான்கு லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 5,290 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமலேயே இந்த நிலை. மேலே சொன்ன 13,087-ல் அது போனால் மீதம் 7,800. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு அதில் சாப்பிட முடியாது.

போன வருடம் ஒரு அப்பா வந்தார், மீன்பிடிப் படகில் கூலிக்குப் போகிறவர். தனியார் கல்லூரி ஒன்றில் நான்கு வருடத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல் சொல்லியிருந்தார்கள். மனைவியின் தாலிச் சங்கிலி, அண்ணனிடம் கைமாற்று, மீதிக்குக் கடன். நான் அவருக்கு முன்னால் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் காகிதத்தையே பார்த்தார். “அப்படியென்றால் வேண்டாம் என்கிறீர்களா?” என்று கேட்டார். படிப்பு வேண்டும், அந்தக் கல்லூரி வேண்டாம் என்றேன். அந்தப் பெண் இப்போது ஜி.என்.எம். இரண்டாம் வருடம். கடன் இல்லை.

வெளிநாடு போனால்தான் காசு என்கிறார்களே?

எங்கள் வீட்டு மாடி அப்படிக் கட்டியதுதான், மறைப்பானேன்.

2009-ல் சவுதிக்குப் போனேன். 3,200 ரியால் சம்பளம், அப்போது ரியால் 13 ரூபாய், மாதம் 41,000-க்கு மேல். தங்குமிடம் அவர்களே கொடுத்தார்கள். அந்த வருடம் சென்னையில் என் சம்பளம் 5,500. ஏஜென்டுக்கு 1,20,000 கொடுத்தேன், அதற்காக சேட்டுக் கடையில் நகையை வைத்தேன், மீட்க ஐந்து மாதம் ஆனது. பிறகுதான் தெரிந்தது நான் எவ்வளவு ஏமாந்தேன் என்று. இன்றைய விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். அதற்கு மேல் கேட்கிறவரிடம் பாஸ்போர்ட்டை நீட்டாதீர்கள். தமிழ்நாடு அரசே 1978-லிருந்து அயல்நாட்டு மனிதவள நிறுவனம் நடத்துகிறது. அங்கே முதலில் பதிந்துவையுங்கள்.

வளைகுடாவுக்குத் தேவை இரண்டு வருட அனுபவம், அந்த நாட்டு உரிமத் தேர்வு, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ. இந்தச் சரிபார்ப்பில் நீங்கள் வேலை செய்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பார்கள். லெட்டர்பேடு நான்கு வரி அங்கேதான் கவிழும்.

இங்கிலாந்து என்றால் ஆங்கிலத் தேர்வு, ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. பிறகு ஒரு கணினித் தேர்வு, அங்கே போய் ஒரு செய்முறைத் தேர்வு. அங்கத்திய அரசு மருத்துவமனையில் தொடக்கச் சம்பளம் 2025-26-ல் வருடத்துக்கு 31,049 பவுண்டு. ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு மயங்காதீர்கள், வீட்டு வாடகையையும் பவுண்டில்தான் கொடுக்க வேண்டும். முன்பு போல நர்ஸ்களை அள்ளிக்கொண்டும் போவதில்லை. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி பி-2 நிலை வரை படிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் தேர்வும், விசாவுக்குப் பல வருடப் பொறுமையும்.

பணம் வந்தது உண்மை. என் மகன் முதன்முதலில் ‘அம்மா’ என்று சொன்னதை நான் போனில் கேட்டேன் என்பதும் உண்மை. ஐந்து வருடம் எப்படி இருந்தாய் என்று கேட்பவர்களுக்கு மாடியைக் காட்டுவேன். இதைக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் மாடியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போன் தயாரிக்கும் ஃபேக்டரிக்குப் போனால் உடனே அதே சம்பளம் கிடைக்கிறதே?

ஆமாம். இந்தக் கேள்வியைக் கேட்கிற பெண்ணை எனக்குப் பிடிக்கும். எங்கள் தெருமுனைக்கே ஃபேக்டரி வண்டி வருகிறது. பிளஸ் டூ முடித்த பெண் அடுத்த மாதமே சம்பளம் வாங்குகிறாள், சாப்பாடும் அங்கேயே. நர்சிங் படிக்கிற பெண் நான்கு வருடம் செலவழித்துவிட்டு, அவள் வாங்குவதையே வாங்குகிறாள். இருபத்திரண்டு வயதில் பார்த்தால் நர்ஸ் தோற்றுவிட்டாள்.

முப்பத்தைந்தில் பார்க்க வேண்டும். ஃபேக்டரியில் கான்ட்ராக்டில் எடுத்த பெண்களில் எத்தனை பேரை அந்த வயதுவரை வைத்திருக்கிறார்கள்? நர்ஸின் கையிலுள்ள பதிவு எண்ணைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்வரை அது செல்லும். கல்யாணம், பிரசவம் என்று மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை நானே வேலைக்கு எடுத்திருக்கிறேன். ஐ.சி.யு., டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று ஒன்றில் கை தேர்ந்துவிட்டால், வேலையை விடுகிறேன் என்று சொன்ன மறுநாளே சம்பளத்தை உயர்த்தி நிற்கச் சொல்வார்கள். பொது வார்டிலேயே பத்து வருடம் சுற்றிக்கொண்டிருந்தால் அது நடக்காது.

ஆனால் வீட்டில் அடுத்த மாதமே பணம் வேண்டும் என்ற நிலை இருந்தால், ஃபேக்டரிக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எல்லார் வீட்டிலும் நான்கு வருடம் காத்திருக்க அரிசி இருப்பதில்லை.

பையன் நர்ஸ் ஆகலாமா?

ஆகலாம். எங்கள் யூனிட்டில் மூன்று பிரதர்கள், அதாவது ஆண் நர்ஸ்கள், இருக்கிறார்கள், எடை அதிகமான நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது எல்லாரும் அவர்கள் பெயரைத்தான் கூப்பிடுவோம். டயாலிசிஸ், ஐ.சி.யு., அவசரச் சிகிச்சை, மனநலப் பிரிவு என்று கேட்டு எடுக்கிறார்கள். காசு விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளட்டும்: எய்ம்ஸ் ஆளெடுப்பில் 80 சதவீத இடம் பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு. சவுதி விளம்பரங்களிலும் பெரும்பாலும் பெண்களையே கேட்பார்கள். ஆகவே போட்டி கடுமை. “நர்ஸுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?” என்று கேட்கும் அத்தைகளை நான் சமாளித்துக்கொள்கிறேன், அனுப்புங்கள்.

நைட் டியூட்டி கட்டாயமா?

கட்டாயம்.

இரவு எட்டு மணிக்குப் போனால் காலை எட்டு. பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. பதினைந்து பேருக்கு ஒருத்தி நின்ற இரவுகள் என் கணக்கு. பகலில் தூங்கலாம் என்பார்கள். நம் வீடுகளில் பகலில் யார் தூங்கவிடுகிறார்கள்? தண்ணீர் லாரி வரும், குடத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், மாமியாருக்கு மாத்திரை, பள்ளி விட்டு வரும் பிள்ளை. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு போக்குவரத்து எவ்வளவோ பரவாயில்லை, சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. அதற்கு முன் இருட்டில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் ஒடுங்கிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் முழங்கால் வலிக்கிறது.

நேர்காணலில் இதைக் கேளுங்கள்: மாதத்தில் எத்தனை இரவு? இரவுக்குத் தனிப்படி உண்டா? மறுநாள் விடுமுறை உண்டா? வண்டி விடுவார்களா? சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் இவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் இடத்தில் சேருங்கள்.

நோய் தொற்றிக்கொள்ளாதா?

தொற்றலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, படிக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள், எங்களில் பாதிப் பேருக்குக் கை குத்தியது அப்படித்தான். 2020 கோடையில் சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் கொரோனா முதலில் கொத்தாக எகிறியது. மாடியில் நின்று எங்களுக்குக் கைதட்டிய அதே வாரத்தில், என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். இந்த ஆபத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளம் கேட்கிறோம்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடு, இரண்டு வருடம் வேலையை விடமாட்டேன் என்று பாண்ட் எழுதிக்கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். “எல்லாரும் கொடுத்திருக்கிறார்கள்” என்று ஒரு அலமாரியைக் காட்டுவார்கள். அந்த அலமாரியில் மாட்டிக்கொண்டதால் சவுதி நேர்காணலுக்குப் போக முடியாமல் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வீட்டோடு தங்கிப் பார்க்கும் ஹோம் நர்ஸ் வேலை?

ஏஜென்சி வாங்குவது ஒன்று, உங்களுக்குக் கொடுப்பது ஒன்று. பதிவு பெற்ற நர்ஸ் இதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

என் மகளுக்கு இது சரிப்படுமா என்று சேர்வதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம். நம் பாட்டிகள் கடைசிவரை ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொன்னார்கள். நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் எப்போதும் அங்கே சேர்ந்திருப்பார், துணைக்கு இருக்க ஆள் தேவைப்படும். பெண்ணை இரண்டு நாள் அனுப்புங்கள். வாடையில் மயங்கினால் பரவாயில்லை, நானும் மயங்கினேன், பழகிவிடும். அடுத்த படுக்கைக்காரர் தண்ணீர் கேட்டால் எழுந்து போகிறாளா, போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் நர்ஸ்களைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். “அந்த சிஸ்டர் எரிந்து எரிந்து விழுகிறார்கள்” என்று சொல்வாள், எல்லாரும் சொல்வார்கள். “அவர்கள் மத்தியானம் சாப்பிடவே இல்லை அம்மா” என்று சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன்.

உங்கள் முதல் சம்பளம் எவ்வளவு அக்கா? என்ன செய்தீர்கள்?

1,800 ரூபாய். கவரில் போட்டுக் கொடுத்தார்கள், ஐம்பது ரூபாய்த் தாளாக. எம்.சி. ரோட்டுக்குப் போய் அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்தேன். அம்மா விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் கொடுத்து அதைவிட மலிவாக ஒன்று மாற்றிக்கொண்டாள். மிச்சப் பணத்தில் எனக்கு ஒரு ஜோடி வெள்ளை ஷூ வாங்கச் சொன்னாள், வார்டில் ஈரத்தில் நின்று நின்று பழைய ஷூவின் அடிப்பாகம் பிரிந்திருந்ததை நான் சொல்லாமலேயே பார்த்திருக்கிறாள்.